மேடை மேலாண்மை இன்டர்ன்ஷிப்: ஸ்கோர் பார்க்கப் பழகாமல் போகாதீர்கள்

முடிவு வந்தது, சேர்ந்தும் ஆயிற்று. தொழில்முறை இசை நாடக நிறுவனம் ஒன்றில் கோடைப் பருவத்துக்கு மேடை மேலாண்மைப் பயிலுநராக இருக்கிறேன். முதல் நாடகம் அரங்கேறிவிட்டது, அடுத்ததற்கு ஒத்திகை ஓடிக்கொண்டிருக்கிறது. தேர்வுக் காலத்து எரிச்சல் ஆறுவதற்குள் இதை எழுதிவிட நினைக்கிறேன். ஆறிவிட்டால் எல்லாம் சுமுகமாக நடந்ததைப் போலப் பூசி மெழுகிய கட்டுரைதான் வரும்.

விண்ணப்பம், பரிந்துரைக் கடிதம், ஒரு பக்க ரெஸ்யூமே, பழைய பிராம்ப்ட் புத்தகத்தின் (மேடை மேலாளர் தன் குறிப்புகளோடு வைத்திருக்கும் நாடகப் பிரதி) மாதிரிப் பக்கங்கள் பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுவிடுகிறேன். எனக்கு இடம் கிடைத்தது ஒரே ஒரு காரணத்தால்தான் என்று நம்புகிறேன். ஓடுகிற இசையில் இப்போது ஸ்கோரின் (எழுதப்பட்ட இசைப் பிரதி) எந்தப் பாரில் (கோடுகளால் பிரிக்கப்பட்ட இசைக் கட்டம்) இருக்கிறோம் என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடிந்தது. எனக்கு எந்த இசைக்கருவியும் வாசிக்கத் தெரியாது. சுருதி சேர்த்துப் பாடவும் வராது. இரண்டும் இந்த வேலைக்குத் தேவையும் இல்லை.

வசன நாடகங்களில் மட்டும் வேலை செய்தவர்கள் இதை நம்ப மறுக்கிறார்கள். அங்கே கியூ, அதாவது விளக்கோ ஒலியோ மாற வேண்டிய இடம், ஒரு சொல்லின் மேல் உட்கார்ந்திருக்கும். நடிகர் அந்தச் சொல்லைச் சொன்னதும் 'கோ' என்று கட்டளை சொன்னால் போதும். இசை நாடகத்திலோ பெரிய கியூக்கள் பெரும்பாலும் யாரும் பேசாத இடத்தில்தான் விழும். பாட்டின் கடைசி அடி இருக்கிறதே, 'பட்டன்' என்பார்கள், அந்த அடியோடு விளக்கு சட்டென்று மாற வேண்டும். அரை நொடி பிந்தினால் கைதட்டுவதா வேண்டாமா என்று அரங்கமே விழிக்கும். அதனால்தான் பிராம்ப்ட் புத்தகத்தில் வசனப் பக்கங்களுக்கு நடுவே ஸ்கோர் பக்கங்களும் கோக்கப்படுகின்றன. பாட்டு தொடங்கியதும் மேடை மேலாளரின் கண் வசனத்தை விட்டு ஸ்கோருக்குத் தாவிவிடும்.

நேர்காணலில் தயாரிப்பு மேடை மேலாளர் அதிகம் பேசவில்லை. பியானோ-வோகல் ஸ்கோரின் (பாட்டும் பியானோ இசையும் மட்டும் உள்ள பிரதி) சில பக்கங்களை என் முன் வைத்துவிட்டு, பதிவை நடுவிலிருந்து ஓடவிட்டார். திடீரென நிறுத்தி, "இப்போது எங்கே இருக்கிறோம்?" என்றார். காட்டினேன். அடுத்து, "கடைசித் தட்டில் விளக்கு மாற வேண்டும். எங்கே கோ சொல்வீர்கள்?" என்று கேட்டார். கடைசித் தட்டிலேயே சொன்னால் தாமதமாகிவிடும். நாம் சொல்வதைக் காதில் வாங்கி விளக்குப் பலகையில் கை அழுத்துவதற்கும் கொஞ்சம் நேரம் வேண்டுமே. முந்தைய தட்டில் பென்சிலால் குறித்தேன், 'தயாராக இருங்கள்' என்று சொல்லும் ஸ்டாண்ட்பையைச் சில பார்கள் முன்னால் எழுதினேன். 'உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன' என்ற வழக்கமான கேள்வியும் வந்தது. அதற்கு நான் சொன்ன பதிலை யாரும் குறித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வேறொரு நிறுவனம் நேர்காணல் வரை கூப்பிட்டு, நன்றாகப் பேசி, இன்றுவரை ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இருக்கட்டும்.

நான் பயிற்சி செய்த விதம்:

– காப்புரிமைக் காலம் முடிந்த படைப்புகளை எடுங்கள். கில்பர்ட்-சல்லிவன் இரட்டையரின் 'தி பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்' 1879இல் மேடையேறியது. அதன் வோகல் ஸ்கோர், இசைப் பிரதிகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பதிவுகளும் ஏராளம். அதில் மேஜர்-ஜெனரல் பாடும் வேகப் பாட்டில் விரல் தடுமாறாமல் போனால் பெரும்பாலான பாட்டுகளில் பிழைத்துக்கொள்ளலாம்.
– சுரங்களைப் பார்க்காதீர்கள். பார் கோடுகளைப் பாருங்கள். பாடல் வரி இருக்கும் இடங்களில் வரியைப் பிடித்துக்கொண்டு போகலாம். வரி இல்லாத இடத்தில் இடது கையின் பாஸ் அடியைக் கேளுங்கள்.
– தாளக் குறி மாறும் பார்களை முன்கூட்டியே வட்டமிடுங்கள்.
– பதிவை நடுவில் எங்காவது தொடங்கிவிட்டு, இடத்தைக் கண்டுபிடியுங்கள். முதலிலிருந்து கேட்டுப் பழகுவது ஏமாற்று வேலை. ஒத்திகையில் யாரும் முதலிலிருந்து தொடங்குவதில்லை.
– பென்சில் மட்டும். ஸ்கோர்கள் பெரும்பாலும் எம்டிஐ, கான்கார்ட் போன்ற உரிம நிறுவனங்களிடமிருந்து வாடகைக்கு வருபவை. குறிப்புகளை அழித்துத் திருப்பித் தர வேண்டியிருக்கலாம்.

இனி ஒத்திகைக் கூடம். இங்கேதான் நான் படித்தது காசானது.

நடன அமைப்பாளர் எட்டெட்டாக எண்ணுவார். இசை இயக்குநர் பார் எண் சொல்வார். இயக்குநர் வசனத்தைச் சொல்வார். மூவரும் ஒரே இடத்தைத்தான் குறிப்பிடுகிறார்கள், ஆனால் ஒருவர் சொல்வது அடுத்தவருக்குப் புரியாது. நடுவில் உட்கார்ந்து கணக்குப் போடுகிற ஆள் தேவைப்படுகிறார். நாலு தட்டுத் தாளத்தில் ஓர் எட்டு என்பது இரண்டு பார். நடனப் பகுதி பார் 57இல் தொடங்கினால், 'ஐந்தாவது எட்டில் மூன்று' என்பது பார் 65இன் மூன்றாவது தட்டு. கேட்டவுடன் இதைச் சொல்லிவிட்டால் பியானோக்காரர் தலையாட்டிவிட்டு வாசிக்கத் தொடங்கிவிடுவார். சொல்லாவிட்டால் கூடமே நின்று பக்கம் புரட்டும். நடுவில் இரண்டு தட்டுப் பார் ஒன்று செருகப்பட்டிருந்தால் இந்தக் கணக்கு உதைக்கும். அதனால் ஒவ்வொரு நடனப் பகுதியிலும் பார் எண்களுக்கு மேலே எட்டுகளையும் எழுதி வைத்துவிடுகிறேன். மூன்று தட்டு வால்ட்ஸில் வேறு கதை. நடனக்காரர்கள் 'ஒன்று-இரண்டு-மூன்று, இரண்டு-இரண்டு-மூன்று' என்று எண்ணுவார்கள். அதில் முதலில் வரும் எண்தான் எத்தனையாவது பார் என்பதைச் சொல்லும்.

அடுத்த தலைவலி வேம்ப். வசனம் முடியும் வரை இசைக்குழு ஒன்றிரண்டு பார்களையே சுற்றிச் சுற்றி வாசிக்கும். நடிகர் குறிப்பிட்ட வரியைச் சொன்னதும், இசைக்குழுவை நடத்தும் கண்டக்டர் கைகாட்டி அந்தச் சுற்றிலிருந்து இசையை வெளியே கொண்டுவருவார். நேற்று எத்தனை சுற்று என்ற கணக்கு இன்றைக்கு உதவாது. கண்டக்டரின் முகத்தையும் கையையும் காட்டும் மானிட்டர் ஒன்று மேடை மேலாளரின் மேசையில் இருக்கும். வேம்ப் வரும்போது கண் அதில்தான் இருக்க வேண்டும். 'சேஃப்டி' என்று எழுதியிருந்தால் அந்தச் சுற்று வந்தாலும் வரும், வராமலும் போகும்.

ஸ்கோரில் பாட்டுகளுக்குத் தந்திருக்கும் எண்களையும் கவனியுங்கள். 5 என்பது பாட்டு என்றால், 5ஏ என்பது பெரும்பாலும் அதன் வால். காட்சி மாறும்போது ஒலிப்பதாகவோ வசனத்துக்கு அடியில் ஓடுவதாகவோ இருக்கும். சிறியதுதானே என்று பயிலுநர்கள் புரட்டிவிடுகிற பக்கங்கள் இவை. செட் நகர்வதும் உடை மாற்றமும் இந்த இசைக்குள்தான் நடந்து முடிய வேண்டும் என்பதால், டெக் ஒத்திகையில் (விளக்கு, ஒலி, செட் எல்லாம் சேரும் ஒத்திகை) அதிகம் வெட்டப்படுவதும் நீட்டப்படுவதும் இவைதான்.

முதல் வாரத்தில் மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவை எங்கும் எழுதியிருக்கின்றன. தரைப் படத்தை அளந்து கூடத்தின் தரையில் டேப் ஒட்டுவது. காட்சிக்கு ஒரு நிறம். ப்ராப்ஸ் (நடிகர்கள் கையாளும் பொருட்கள்) மேசையில் கட்டம் போட்டுப் பெயர் எழுதுவது. ஒத்திகை அறிக்கைக்குக் குறிப்பெடுப்பது. இடைவேளை நேரம் பார்ப்பது. அமெரிக்க நடிகர் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டி 1913இல் தொடங்கப்பட்டது. அதன் ஒப்பந்தங்களில் 55 நிமிட ஒத்திகைக்கு 5 நிமிடம் அல்லது 80 நிமிடத்துக்கு 10 நிமிடம் இடைவேளை என்பது வழக்கம். எந்தக் கணக்கு என்று உங்கள் மேலாளரிடம் முதல் நாளே கேளுங்கள். 'ஐந்து நிமிடம்' என்று நீங்கள் அறிவித்ததும் 'நன்றி, ஐந்து' என்று பதில் வரும். மரியாதைக்காகச் சொல்வதில்லை, காதில் விழுந்தது என்று உறுதி செய்வது. பதில் வராத மூலைக்கு நடந்து போய் மறுபடி சொல்ல வேண்டும்.

பிரிட்டனில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: அங்கே 'தி ஹாஃப்' என்னும் அரைமணி அழைப்பு திரை உயர்வதற்கு 35 நிமிடம் முன்பு. முதலில் மேடையேறுபவர்களுக்கான 'பிகினர்ஸ்' அழைப்பே ஐந்து நிமிடம் முன்னதாக வருவதால், எல்லாம் அதிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுகின்றன. அமெரிக்காவில் அரைமணி என்றால் அரைமணிதான்.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. 'எல்லோரிடமும் அறிமுகம் செய்துகொள்ளுங்கள், தொடர்புகளை வளர்த்துக்கொள்ளுங்கள்' என்ற அறிவுரை எனக்கு ஒத்துவரவில்லை, உங்களுக்கும் நான் அதைத் தரப்போவதில்லை. மேடை மேலாண்மை மேசையில் அமைதியான ஆளுக்கு மதிப்பு உண்டு. ஹெட்செட்டில் தேவையில்லாமல் பேசும் ஆளை ஒரே நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஸ்டாண்ட்பை சொல்லப்பட்ட பிறகு இருமல்கூட வரக்கூடாது. 'கோ' என்ற சொல்லை வேறு எதற்காகவும் அந்த இணைப்பில் பயன்படுத்தக்கூடாது. கலகலப்பானவர்கள் வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

கோடைப் பருவத்தில் வேகம் வேறு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1919 முதல் நடக்கும் 'தி மியூனி' போன்ற திறந்தவெளி அரங்கில் சுமார் 11,000 இருக்கைகள். அங்கேயே ஒரு நாடகம் மேடையில் இருக்கும்போது அடுத்தது ஒத்திகையில் இருக்கும். சிறிய நிறுவனங்களிலும் இதே முறைதான், ஆள் பலம்தான் குறைவு. பாட்டு, நடனம், காட்சி மூன்றும் ஒரே நேரத்தில் மூன்று அறைகளில் நடக்கும். எந்த அறையில் என்ன வெட்டப்பட்டது என்பதை அன்றிரவே எல்லாப் பிரதிகளிலும் ஏற்றிவிடுங்கள். 'பார் 32 முதல் 39 வரை வெட்டு' என்ற ஒரு வரி ஒலிப் பலகையை இயக்குபவருக்குப் போய்ச் சேராவிட்டால், அது டெக் வாரத்தில் ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும்.

ஸிட்ஸ்ப்ரோபவுக்குக் கட்டாயம் ஸ்கோரோடு போங்கள். நடிகர்கள் உட்கார்ந்தபடி இசைக்குழுவோடு முதல் முறை பாடும் ஒத்திகை அது. எல்லோரும் நெகிழ்ந்துபோய்க் கேட்டுக்கொண்டிருப்பார்கள். உங்களுக்கு அங்கே வேலை இருக்கிறது. அதுவரை பியானோவில் மட்டும் கேட்டு வந்தவை இசைக்குழுவில் வேறு மாதிரி ஒலிக்கும். நீங்கள் நம்பியிருந்த இடது கை பாஸ் அடி டிரம்ஸுக்குள் காணாமல் போயிருக்கலாம், எதிர்பாராத இடத்தில் டிரம்பெட் கிளம்பலாம். ஒவ்வொரு கியூவுக்கும் முன்னால் காதுக்குத் தெளிவாகக் கிடைக்கும் புதிய அடையாளத்தை அன்றைக்கே எழுதிக்கொள்ளுங்கள். 'டிரம்பெட் இரண்டாவது முறை', 'சிம்பலுக்குப் பிறகு' என்று எளிய சொற்களில் இருந்தால் இருட்டிலும் படிக்க முடியும்.

சேருவதற்கு முன் கேட்டுத் தெளிய வேண்டியவை: உதவித்தொகை வாரத்துக்கா, பருவத்துக்கா, தங்குமிடம் சேர்த்தா, வாரத்தில் எந்த நாள் விடுமுறை, செட் பிரிக்கும் இரவில் பயிலுநரும் நிற்க வேண்டுமா (வேண்டியிருக்கும்), ஸ்கோரின் பிரதி எப்போது கைக்கு வரும். கடைசிக் கேள்வியை நான் தேர்வு முடிவு வந்த அன்றே மின்னஞ்சலில் கேட்டேன். மறுநாளே அனுப்பிவிட்டார்கள்.