ஜூன் மழையில் ஆறாம் வகுப்பு

பந்தலூர் பக்கம் பள்ளிக்கூடம் திறப்பதும் தென்மேற்குப் பருவமழை பிடிப்பதும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில்தான். தேவாலாவிலும் சேரம்பாடியிலும் ஜூன், ஜூலையில் எப்படிக் கொட்டும் என்று நீலகிரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கலெக்டர் லீவு விட்டிருக்கிறாரா என்று போனைப் பார்த்த பிறகுதான் இங்கே டிபன் பாக்ஸ் கட்டுவோம். இரண்டு நாள் வகுப்பு நடக்கும், மூன்று நாள் லீவு, அப்புறம் ஒரு நாள் வகுப்பு. பத்தாம் வகுப்பு எடுப்பவர்களுக்கு போர்ஷன் கவலை. ஆறாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையாக இருக்கும் எனக்கு வேறு கவலை. எங்கள் பள்ளி ஆறில்தான் தொடங்குகிறது. சுற்றுவட்டார ஆரம்பப் பள்ளிகளில் ஐந்தாவது முடித்துவிட்டு வருகிற பிள்ளைகள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் பெயர் மனதில் பதிவதற்குள் மழை லீவு வந்துவிடும், திரும்பி வந்து மறுபடி முதல் நாள் மாதிரியே முழிப்பார்கள்.

அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்கள் உண்டு, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், இப்போது கொள்ளுப்பேரர்களும். தனியார் எஸ்டேட் பாடிகள் என்கிற தொழிலாளர் குடியிருப்புகள், பணியர், காட்டுநாயக்கர் பழங்குடி ஊர்கள், வீட்டில் மலையாளம் பேசும் சின்ன விவசாயக் குடும்பங்கள் என்று எல்லா இடத்திலிருந்தும் வருவார்கள். முன்பு இவர்கள் படித்தது பெரும்பாலும் இரண்டு ஆசிரியர்கள் இருக்கும் பள்ளி. அங்கே டீச்சருக்கு இவன் அம்மாவைத் தெரியும், பாட்டிக்கு சுகர் என்பதும் தெரியும், நேற்று ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டிய அவசியமே இருக்காது. இங்கே பாடத்துக்கு ஒருவர், மணி அடித்தால் ஆள் மாறிவிடும்.

ஒரு பிள்ளை வகுப்பில் ஒட்டவில்லை என்றால் ஸ்டாஃப் ரூமில் நாங்கள் சொல்வது, “அவன் இன்னும் செட் ஆகலை.” உடனே அவனிடம் என்ன குறை என்று பார்க்க ஆரம்பிப்போம். கூச்ச சுபாவமா, வீட்டில் அப்பா குடியா, எழுத்துக் கூட்டிப் படிக்க வருகிறதா. பெற்றோரைக் கூப்பிட்டு அறிவுரை சொல்வோம், பையனுக்கும் ஒரு ரவுண்டு அறிவுரை. எனக்கு இந்த அறிவுரை வைத்தியத்தில் நம்பிக்கை போய் நாளாகிறது. அவனுக்கு என்ன என்று கேட்பதற்கு முன்னால், அவனுக்கு இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் பாதி விஷயம் பிடிபட்டுவிடுகிறது.

ஜேம்ஸ் ஹவுஸ் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1981ல் சமூக ஆதரவை நான்காகப் பிரித்தார். மனதுக்கு ஆறுதல், கைக்கு உதவி, வேண்டிய தகவல், நீ செய்வது சரிதான் அல்லது இப்படிச் செய் என்று எடுத்துச் சொல்லும் மதிப்பீடு. அவர் யோசித்தது வேலையிடத்து மன அழுத்தத்தைப் பற்றி. ஆனால் ஆறாம் வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான பட்டியல் எனக்குக் கிடைக்கவில்லை. ஆரம்பப் பள்ளியில் இந்த நான்கையும் ஒரே டீச்சர் கொடுத்துவிடுவார். இங்கே ஆறுதல் சொல்ல எல்லோரும் தயார், தகவல்தான் யாரும் சொல்வதில்லை. ஒரு பையன் ஜூலை வரைக்கும் எல்லா நோட்டையும் எல்லாப் புத்தகத்தையும் தினமும் தூக்கிக்கொண்டு வந்தான். உரக் கம்பெனி பெயர் போட்ட பிளாஸ்டிக் சாக்கை வெட்டிப் பைக்கு மேல் கட்டியிருப்பான், அப்படியும் அடிப்பக்கம் நனைந்து கணக்கு நோட்டு முழுக்க நீல மை இறங்கியிருக்கும். கால அட்டவணையைப் பார்த்து எழுதியிருக்கிறான், ஆனால் அதில் ‘சஅ’ என்று போட்டிருந்தது சமூக அறிவியல் என்று அவனுக்குத் தெரியாது. கேட்க ஆளில்லை. எங்களைக் கேட்டிருக்கலாம்தான், ஆனால் பதினோரு வயசுப் பிள்ளை புது சாரிடம் போய் ‘இது என்ன’ என்று கேட்டுவிடுமா என்ன?

கைக்கு உதவி என்பதில் சாப்பாடும் சேர்த்திதான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. நல்ல திட்டம், ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். ஏப்ரல் வரை பள்ளியில் பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்டுப் பழகிய பிள்ளைக்கு ஜூனிலிருந்து மதியச் சத்துணவு மட்டும்தான். அம்மா கொழுந்து பறிக்கக் கிளம்புகிற அவசரத்தில் இவள் ஒரு கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு ஜீப் ஏறியிருப்பாள். மூன்றாவது பீரியடில் தலை சாய்ந்தால் நாங்கள் ‘கவனக்குறைவு’ என்று எழுதுவோம்.

இப்போது செக்‌ஷன் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கும் எங்கள் கணக்கு சாருக்கும் வருஷாவருஷம் வாக்குவாதம் நடப்பது இதில்தான். பெயர்ப் பட்டியலை அகர வரிசையில் எடுத்து ஒன்று விட்டு ஒன்று ஏ, பி என்று பிரிப்பது வழக்கம். ஒரே பாடியிலிருந்து ஒரே ஜீப்பில் வரும் இரண்டு பேர் ஆளுக்கொரு செக்‌ஷனில் விழுவார்கள். கேரி லாட் என்ற ஆய்வாளர் 1990ல் வெளியிட்ட ஆய்வில், மழலையர் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளை அந்த ஆண்டு முழுக்கக் கவனித்திருக்கிறார். தொடக்கத்திலேயே வகுப்பில் நண்பர்கள் அதிகம் இருந்த பிள்ளைகளுக்குப் பள்ளி பிடித்திருந்தது, அந்த நட்பைத் தக்கவைத்துக்கொண்டவர்களுக்கு ஆண்டு போகப் போக இன்னும் பிடித்தது, மற்ற பிள்ளைகள் ஒதுக்கிவைத்தவர்கள் பள்ளியைத் தவிர்க்கப் பார்த்தார்கள், படிப்பிலும் பின்தங்கினார்கள். வயசு வேறு, நாடு வேறு, சரி. ஆனால் வகுப்பு முழுக்கப் புதுமுகம் என்கிற நிலைமை ஒன்றுதானே. அதனால் ஜீப் வழித்தடத்தைப் பார்த்துப் பிரியுங்கள் என்பது என் கட்சி.

கணக்கு சார் விடமாட்டார். “அப்படிப் போட்டா அவங்க அவங்களுக்குள்ளயே பேசிக்கிட்டு இருப்பாங்க டீச்சர், வேற யார்கிட்டயும் பழகவே மாட்டாங்க.” அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஒரு வருஷம் ஒரே குடியிருப்புப் பெண்கள் ஐந்து பேர் ஒரே பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தனியாக வந்த ஒருத்தியை வருஷம் முழுக்க உள்ளே சேர்க்கவே இல்லை. அதே ஆய்விலும், புது நண்பர்களைச் சேர்த்துக்கொண்ட பிள்ளைகள்தான் படிப்பில் முன்னேறினார்கள் என்று வருகிறது. ஆனால் தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கிற தைரியத்தில்தான் புது ஆளிடம் பேச வாய் வரும் என்பது என் அனுபவம். கணக்கு சாரே ஊரைவிட்டு வந்து வேலைக்குச் சேர்ந்த நாளில் கூட வந்த நண்பரோடுதான் ரூம் எடுத்துத் தங்கினார், அதைச் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவார்.

அரையாண்டுக்கு முன்னால் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்து, “உனக்கு இங்கே ஏதாவது ஆச்சுன்னா முதல்ல யார்கிட்ட சொல்லுவ?” என்று எழுதச் சொல்வேன். ஆதரவு இருக்கிறதா என்பதைப் பிள்ளை வாயால் கேட்க வேண்டும், நாங்கள் கொடுத்ததாக நினைப்பது அவர்கள் கணக்கில் வராமலே இருக்கலாம். (பிள்ளைகள் குறைகளை எழுதிப் போட மாணவர் மனசு பெட்டியும் இருக்கிறது. அதில் விழுவது பெரும்பாலும் ஃபுட்பால் வேண்டும் என்ற மனுதான்.) வருகிற பெயர்களைப் பார்த்தால் எங்கள் கர்வம் அடங்கிவிடும். சத்துணவு அக்கா பெயர் வரும். ஜீப் ஓட்டும் அண்ணன் பெயர் வரும். ஆசிரியர்கள் அதற்கப்புறம்தான். ஒரு சீட்டில், “யாரிடமும் சொல்ல மாட்டேன், பாத்ரூம் போய்விடுவேன்” என்று இருந்தது.

பணியர் ஊரிலிருந்து வரும் ஒரு பெண் எட்டாம் வகுப்பு அக்கா ஒருத்தியின் பெயரை எழுதியிருந்தாள். வகுப்பில் அவள் வாயே திறக்க மாட்டாள், தமிழ் புரியவில்லை போல என்று சில ஆசிரியர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். சத்துணவு வரிசையில் அந்த அக்காவோடு அவர்கள் மொழியில் தட்டைத் தட்டிக்கொண்டு பேசுவதைப் பார்த்தால் நிறுத்தவே முடியாது. காலை வாசிப்பு நேரத்தில் அந்த அக்காவை எங்கள் வகுப்பில் வந்து உட்காரச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். இப்போது இவள் சத்தமாக வாசிக்கிறாள், அக்கா பக்கத்தில் இருந்தால் மட்டும். அக்கா லீவு போட்டால் இவளும் லீவு. அக்கா பத்தாவது முடித்துப் போய்விட்டால் என்ன என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, அதற்குள் வகுப்பில் இன்னொரு ஆள் கிடைக்க வேண்டும்.

ஏழு, எட்டுக்குப் போனதும் கதை மாறும். வீட்டில் சொல்வது குறைந்து எல்லாம் நண்பர்களிடம் போய்விடும், பெண் பிள்ளைகள் சிலது டீச்சரைத் தேடி வரும், பையன்கள் அதுவும் இல்லை. வெளியில் நம்பி ஒட்டிக்கொள்ள ஒரு பெரியவர் வேண்டும், கொஞ்சம் சுதந்திரமும் வேண்டும் என்கிற வயசில் பள்ளி அவர்களிடம் விலகியும் கெடுபிடியாகவும் நடந்துகொள்கிறது என்று ஜாக்குலின் எக்ளஸ் என்ற உளவியலாளர் சொல்லியிருக்கிறார். எங்கள் ஸ்டாஃப் மீட்டிங்கில் உட்கார்ந்து கேட்டவர் மாதிரி இருக்கும்.

வரும் ஜூனில் ஒரு தடவை ஜீப் வழித்தடப்படி செக்‌ஷன் பிரித்துப் பார்க்கலாம் என்று தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். கணக்கு சார் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார், ஒரே ஊர்ப் பிள்ளைகள் ஒரே செக்‌ஷனில் இருக்கட்டும், ஒரே பெஞ்சில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம் என்று. எனக்குச் சம்மதம். இனி யார் எந்த ஜீப் என்ற பட்டியலை ஓட்டுநர்களிடம் வாங்க வேண்டும், மே மாதக் கடைசியிலாவது கிடைத்தால் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏற்றுவதற்கு முன்னால் பிரித்துவிடலாம்.