முப்பத்து நாலு பேரை ஒரு தாளில் ஏற்றியது

மூன்று பிள்ளைகளுக்கு ஒரு வருடம் வீணாய்ப் போனதற்கு நான்தான் காரணம். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைச் சொல்வது எளிது.

மதுரை முனிச்சாலைப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் நடக்கிறது எங்கள் பள்ளி. பள்ளி என்பது நாங்களாகச் சொல்லிக்கொள்வது. அங்கீகாரம் எல்லாம் கிடையாது. படிப்பை நடுவில் விட்டவர்கள் வேலை முடிந்து மாலையில் வருவார்கள். அவர்களைத் தயார்செய்து பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுத வைப்போம். நான் அங்கே கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள். சேர்க்கையைப் பார்த்துவந்த அக்கா, தன் மகளின் பிரசவத்துக்கு ஊருக்குப் போய்விட, போன வருடம் ஜூனில் நோட்டும் அலமாரிச் சாவியும் என் கைக்கு வந்தன.

நோட்டில் 34 பெயர்கள். நேரே வயது, அப்பா பெயர், போன் நம்பர். பாதி நம்பரை யாரும் எடுக்கவில்லை. அப்புறம் என்ன, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கீரைத்துறை, செல்லூர், வில்லாபுரம் என்று வீடு வீடாகப் போக வேண்டியதுதான்.

“முதல் வேலை சேர்க்கிறது இல்ல, திருப்பி அனுப்புறது” என்று அக்கா சொல்லிவிட்டுப் போயிருந்தார். அர்த்தம் போகப் போகத்தான் புரிந்தது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குக் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு. 2024 முதல் பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் அந்தப் பிள்ளைகளுக்குத்தான். எங்கள் மாடியில் படித்துப் பாஸ் செய்தால் இதெல்லாம் போச்சு. அதனால் 13, 14 வயதுக்காரர்களைப் பிடித்து முதலில் மாநகராட்சிப் பள்ளிக்கு அனுப்பப் பார்த்தோம். ஏழு பேர் போனார்கள்.

அதுவும் லேசில் நடக்கவில்லை. பழைய பள்ளி, மாணவர் விவரமெல்லாம் இருக்கிற எமிஸ் என்ற அரசுத் தளத்தில் பிள்ளையைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். ஒரு பையன் ஒன்றரை வருடமாக வெள்ளிப் பட்டறையில் இருக்கிறான். எமிஸில் பார்த்தால் அவன் பழைய பள்ளியிலேயே ஒழுங்காகப் படித்துக்கொண்டிருக்கிறான்! அந்தப் பள்ளிக்கு நாலு தடவை நடந்தேன்.

மீதிப் பேருக்குச் சான்றிதழ் சேகரிப்பு. தனித்தேர்வராக எழுத எட்டாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும், பதினாலரை வயதாகியிருக்க வேண்டும். எட்டு வரை ஃபெயில் கிடையாது என்பதால் முதல் நிபந்தனை பெரும்பாலும் தடையில்லை. வயதுதான் படுத்தியது. ஒரு பையனின் டி.சி.யில் ஜூன் 5, ஆதாரில் ஜனவரி 1. அவன் அம்மாவிடம் கேட்டேன்.

“அழகர் ஆத்துல இறங்குன மறுநா பொறந்தவன் டீச்சர். ஊரே ஆத்துல கெடந்துச்சு, ஆட்டோ கெடைக்கல. அத மறப்பேனா?”

மாநகராட்சிப் பிறப்புப் பதிவில் தேடினால் அம்மா சொன்னதுதான் சரி. ஜூன் 5 சேர்க்கையின்போது பள்ளிக்கூடம் வைத்த பிறந்தநாள். ஜனவரி 1 நாள் தெரியாதவர்களுக்கு ஆதார் வைக்கிற பிறந்தநாள். இந்த மாதிரி இருந்தால் பத்தாம் வகுப்புக்கு முன்பே டி.சி.யைத் திருத்திவிடுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஏறிவிட்டால் ஆயுசுக்கும் அதுதான் பிறந்தநாள்.

இதற்கு நடுவே, எங்களுக்கு நிதி தருகிற டெல்லி அறக்கட்டளை ஒரு எக்செல் தாளை அனுப்பியது. மாணவர் விவரம் முழுக்க அதில் ஏற்ற வேண்டுமாம். சமூகப் பிரிவுக்கு நாலு கட்டம்: எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., பொது. நம் ஊரில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? நம் சான்றிதழ்களில் பி.சி., பி.சி. முஸ்லிம், எம்.பி.சி., சீர்மரபினர், எஸ்.சி., எஸ்.சி. அருந்ததியர், எஸ்.டி. என்று இருக்கும். இடஒதுக்கீட்டில் இஸ்லாமியருக்கு 3.5 சதவீதம், அருந்ததியருக்கு எஸ்.சி.யின் 18 சதவீதத்துக்குள் 3 என்று தனித்தனிக் கணக்கும் உண்டு. அந்த வேறுபாட்டில்தான் ஒரு பிள்ளைக்கு சீட் கிடைப்பதும் கிடைக்காததும் இருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த பையனின் தாத்தா, சீர்மரபினர் சான்றைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துப் பத்திரமாக எடுத்துவந்து காட்டினார். சில சாதிகளையே குற்றப்பரம்பரை என்று பதிந்து கைரேகை வாங்கிய வெள்ளைக்காரன் காலத்துக் கைரேகைச் சட்டத்தை எதிர்த்து 1920ல் பெருங்காமநல்லூரில் குண்டடிபட்டுச் செத்தவர்கள் வரைக்கும் கதை போனது. எக்செலில் அவன் ‘ஓ.பி.சி.’

பானிபூரி வண்டிக்காரர் மகன் ஒருவன். குடும்பம் உத்தரப்பிரதேசம். அவர்கள் ஊர்ச் சாதிச் சான்றுக்கு இங்கே இடஒதுக்கீடு கிடையாது என்பதால் அவன் ‘பொது’. தமிழ் மட்டும் சுத்தமான மதுரைத் தமிழ்.

தாய்மொழிக் கட்டத்தில் தமிழ், தெலுங்கு, இந்தி, உருது, ‘மற்றவை’. திருமலை நாயக்கர் மஹாலைச் சுற்றியுள்ள தெருக்களில் காலையில் நடந்தால் காதில் விழுவதே சௌராஷ்டிரம்தான். அங்கிருந்து வருகிற பெண் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “மத்தவைன்னா நாங்களா டீச்சர்?” என்றாள். ஆமாம் என்றேன். “வீட்ல சொல்லிராதீங்க, எங்க பாட்டி சண்டைக்கு வந்துரும்.”

டெல்லிக்காரர்கள் கேட்காத இரண்டு கட்டங்களை என் நோட்டில் நானே போட்டுக்கொண்டேன். ஒன்று, எத்தனை மணிக்கு வர முடியும். புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப்போன தையல் கடைகளில் காஜா எடுக்கிற பையன்கள் எட்டு மணிக்கு முன் வர வழியில்லை. அப்பளம் போடுகிற பெண்கள் ஐந்துக்கே வந்துவிடுவார்கள், எட்டுக்குள் வீடு திரும்ப வேண்டும். பள்ளியை இரண்டு நேரமாகப் பிரித்தது அந்தக் கட்டத்தைப் பார்த்த பிறகுதான்.

இன்னொன்று, எந்த வகுப்பில், எதனால் நின்றது. 34 பேரில் 20 பேர் ஒன்பதாம் வகுப்பு. காரணம் வறுமை என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடலாம், யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. உட்கார்ந்து பேசினால் வேறு மாதிரி இருந்தது. ஒருத்தன் அப்பாவுக்குத் துணையாகப் பெரியாஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தான். திரும்பிப் போனபோது அப்பாவைக் கூட்டிவா என்றார்கள். அப்பா ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறார் என்று சொல்ல வெட்கப்பட்டு அப்படியே நின்றுவிட்டான். அவ்வளவுதான், இரண்டு வருடம்.

சரி, என் தவறுக்கு வருகிறேன். முதல் தடவை எழுதுகிற தனித்தேர்வர் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிய வேண்டும். குறித்த பள்ளியில் நடக்கிற வகுப்பில் 80 சதவீத வருகை இருக்க வேண்டும். அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20, செய்முறையில் 15 எடுத்தால்தான் பாஸ். இந்தப் பதிவு தேர்வு விண்ணப்பத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடும். தேர்வு விண்ணப்பத்துக்குத் தேதி விட்டால் தட்கல் இருக்கிறது. அதேபோல இதற்கும் ஏதாவது இருக்கும் என்று, டி.சி. வராத மூன்று பேரை அப்புறம் பார்க்கலாம் என வைத்துவிட்டேன். ஒன்றும் இல்லை. கடைசி நாள் தாண்டி மூன்றாம் நாள் போய் நின்றேன். தாளைக்கூட வாங்கவில்லை.

மூவரில் ஒருத்தி செல்லூர்ப் பெண், பதினேழு வயது. விஷயத்தைச் சொல்லப் போனபோது அவள் அம்மா கோபப்படவில்லை. “ஒரு வருசம்னா சும்மாவா டீச்சர்? அதுக்குள்ள இவுக அப்பா மாப்ள பாத்துருவாரே” என்று மட்டும் கேட்டார். நான் காபியைக் குடிக்காமலே எழுந்து வந்தேன். இந்த வருடம் பதிவு தொடங்கிய அன்று காலை முதல் ஆளாக அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்தேன். மாப்பிள்ளை இன்னும் அமையவில்லை, நல்லவேளை.

இவர்கள் இல்லாமல் வேறு மூன்று பேர் நடுவில் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். மார்ச்சில் ஹால் டிக்கெட் வாங்கியவர்கள் 21 பேர். ஆண்டு இறுதியில் எண்ணிக்கையை எக்செலில் போட்டதும் தாளே கழித்துப் பார்த்து, ‘இடைநிற்றல் 13’ என்று சிவப்பில் காட்டியது. அந்த 13ல் மாநகராட்சிப் பள்ளிக்குப் போன ஏழு பேரும் அடக்கம். கட்டத்தை மாற்ற முடியவில்லை. குறிப்புப் பகுதியில், “இதில் ஏழு பேர் இடைநிற்கவில்லை, பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள்” என்று எழுதி அனுப்பினேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது: “உங்களுடையதே பள்ளிதானே? தெளிவுபடுத்தவும்.”