சாக்லேட் குச்சி ஐஸ்: மே மாதக் குறிப்புகள்

மே 4

கத்திரி தொடங்கிவிட்டது. சாக்லேட் குச்சி ஐஸ் போட இதுதான் காலம். மெஷின் இல்லாத வீட்டில் ஐஸ் பல்லில் நெறிபடாமல் வழுவழுவென்று வர வேண்டுமானால், பாலில் இருக்கும் தண்ணீரை அடக்கத் தெரிய வேண்டும். மெஷின் உறைய உறையக் கடைந்துகொண்டே இருப்பதால் பனித்துகள் பெரிதாக வளராது. அச்சில் அசையாமல் உறையும் கலவைக்கு அந்த வசதி இல்லை. கொழுப்பும் சர்க்கரையும் மாவும் பால் பவுடரும்தான் அந்த வேலையைச் செய்தாக வேண்டும். அதனால் 3 சதவீதக் கொழுப்புள்ள டோன்ட் பால் இதற்கு வேண்டாம். 6 சதவீதம் உள்ள ஃபுல் க்ரீம் பால் வாங்குங்கள்.

மே 5

80 மில்லி அச்சில் எட்டு ஐஸ் வரும் அளவு: பால் 500 மில்லி, சர்க்கரை 90 கிராம், இனிப்பில்லாத கோகோ பவுடர் 25 கிராம், கார்ன்ஃப்ளோர் 15 கிராம், பால் பவுடர் 30 கிராம், டார்க் சாக்லேட் 60 கிராம், ஃப்ரெஷ் க்ரீம் 60 மில்லி, இரண்டு சிட்டிகை உப்பு.

கோகோவை நேராகப் பாலில் கொட்டினால் கட்டி தட்டி மேலே மிதக்கும். அதிலும் கொழுப்பு இருக்கிறது, சட்டென்று நனையாது. சர்க்கரை, பால் பவுடர், உப்போடு உலர்வாகக் கலந்துவிட்டு, வெதுவெதுப்பான பால் கொஞ்சம் ஊற்றி விழுதாகக் குழையுங்கள். கார்ன்ஃப்ளோரை அரை டம்ளர் ஆறின பாலில் தனியாகக் கரைக்க வேண்டும். சூடான பாலில் போட்டால் அதுவும் கட்டிதான்.

மீதிப் பாலை அடி கனமான பாத்திரத்தில் காய்ச்சி, விழுதைச் சேருங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து மாவுக் கரைசலை ஊற்றி, அடி சுரண்டிக் கிளறிக்கொண்டே இருங்கள். கெட்டியானவுடன் இறக்கிவிடக் கூடாது. குமிழி விட்ட பிறகும் இரண்டு நிமிடம் வேக வேண்டும். வேகாத மாவு நாக்கில் தடவும், தண்ணீரையும் பிடித்து வைக்காது. கரண்டியின் முதுகில் விரலால் கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்பதுதான் பதம்.

இறக்கி, கொதி அடங்கியதும் நறுக்கிய சாக்லேட்டைப் போட்டு, ஒரு நிமிடம் விட்டுக் கலக்குங்கள். க்ரீமைக் கலவை ஆறிய பிறகு சேருங்கள். ஏடு படியாமலிருக்க க்ளிங் ஃபிலிமைக் கலவையின் மேலேயே ஒட்ட வைத்து, ஃப்ரிட்ஜில் நான்கு மணி நேரம் குளிர விடுங்கள்.

மே 6

சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாமா? கூடாது. சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை, உறைநிலையைக் கீழே இறக்குவதும் அதுதான். குறைத்தால் ஐஸ் கல்லாகும். அள்ளிப் போட்டால் உறையாமல் கொழகொழவென்று நிற்கும். சாக்லேட்டில் இருப்பதையும் சேர்த்து மொத்த எடையில் 15 சதவீதத்தை ஒட்டி இருந்தால் சரி. குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். ஆகவே காய்ச்சும்போது ருசி பார்த்தால் சற்றுத் தூக்கலாக இருக்க வேண்டும்.

கருப்பட்டி போட விரும்புபவர்கள் பாகை வடிகட்டி, கலவை நன்றாக ஆறிய பிறகே சேருங்கள். சூடான பாலில் ஊற்றினால் திரிந்துபோகலாம்.

மே 8

எவ்வளவு சீக்கிரம் உறைகிறதோ அவ்வளவு நுண்ணிய பனித்துகள். கலவையைக் குளிர வைத்தே அச்சில் ஊற்றச் சொல்வது இதனால்தான். உறையும்போது கலவை விரியும், மேலே அரை சென்டிமீட்டர் இடம் விடுங்கள். ஃப்ரீசரை முந்தின இரவே அதிகக் குளிரில் வைத்து, அச்சை அடித்தட்டில் சுவரை ஒட்டி வையுங்கள். கதவோரம் ஆகாது. சுமார் ஒரு மணி நேரத்தில் ஓரம் இறுகும். அப்போது குச்சியைச் செருகினால் சாயாது.

இன்னும் வேகம் வேண்டுமென்றால் மட்கா குல்ஃபிக்காரர்களின் வழி இருக்கிறது. உடைத்த ஐஸ் மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு. அச்சைக் கழுத்தளவு புதைத்துவிடுங்கள். உப்பு ஐஸை உருக வைக்கும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், குளிர் மைனஸ் 15 டிகிரிக்கும் கீழே போகும். உப்புத் தண்ணீர் அச்சுக்குள் தெறிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மே 11

மேல்பூச்சு. டார்க் சாக்லேட் 200 கிராம், தேங்காய் எண்ணெய் 2 மேசைக்கரண்டி. கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் சாக்லேட் திரிதிரியாக இறுகிவிடும். கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் உயரமான டம்ளரில் ஊற்றி ஐஸை முக்கி எடுங்கள். தேங்காய் எண்ணெய் 25 டிகிரிக்குக் கீழேயே உறைவதால் சில நொடிகளில் மொறுமொறுப்பான ஓடாகிவிடும். கடலை எண்ணெயில் இது வராது. ஐஸின் மேல் வெண்பனி படிந்திருந்தால் பூச்சு ஒட்டாது, துடைத்துவிட்டு முக்குங்கள்.

மே 15

அச்சிலிருந்து எடுக்கக் குழாய்த் தண்ணீரில் பத்துப் பதினைந்து நொடி போதும். எடுத்ததைப் பட்டர் பேப்பரில் சுற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரீசர் அவ்வப்போது தானே சூடேறிப் பனியை உருக்கும். ஐஸும் மேலாகக் கொஞ்சம் இளகி மறுபடி உறைந்து, துகள் பெருத்துக்கொண்டே போகும். ஒரு வாரத்துக்குள் தின்றுவிடுவது நல்லது. மின்வெட்டில் நெகிழ்ந்ததை அப்படியே உறைய வைத்தால் வழுவழுப்பு திரும்பாது. குளிர் குறையாமல் இருக்கும்போதே பாலோடு மிக்ஸியில் அடித்து மில்க் ஷேக்காகக் குடித்துவிடுங்கள்.