எட்டு விளக்கும் எரிந்தது, இணைப்பு மட்டும் நிலைக்கவில்லை

தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள எங்கள் தோட்டத்தில், மாலை வகுப்பு நடக்கும் மண்டபத்திற்குப் பக்கத்துக் கட்டடத்தின் ரவுட்டரிலிருந்து ஏறத்தாழ 60 மீற்றர் நெட்வொர்க் கேபிள் (நான்கு முறுக்குச் சோடிகளாக எட்டுக் கம்பிகள் கொண்டது) இழுத்து, இரு முனைகளிலும் நானே பிளக் அடித்தேன். 100 மீற்றர் வரை அனுமதி உண்டு என்பதால் தூரத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. இரு பக்கமும் விளக்கு எரிந்தது. ஆனால் பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள்களைத் தரவிறக்கத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடும்.

முதலில் இணைய சேவையையும், அடுத்து பனிமூட்டத்தின் ஈரத்தையும் சந்தேகித்தேன். மடிக்கணினியை ரவுட்டருக்கு அருகே கொண்டுபோய்ச் சிறிய கேபிளில் இணைத்தபோது எல்லாம் சீராக ஓடியது. மண்டபத்திலிருந்து ரவுட்டரின் முகவரிக்கே பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தி) கொடுத்தால் இடையிடையே பதில் வரவில்லை. ஆகவே குறை எங்கள் கேபிளில்தான் இருந்தது. ஆனால் கேபிளைச் சோதிக்கும் டெஸ்டரில் ஒன்றிலிருந்து எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரிந்ததால், அதை நம்பி இரண்டு மாலைகளை வீணாக்கினேன்.

ஹட்டனில் இந்த வேலையே செய்யும் அண்ணன் ஒருவரை அழைத்தேன். "நெறம் என்ன வரிசையில இருக்குன்னு ஒவ்வொன்னா வாசிங்க தம்பி" என்றார். வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, பச்சை என்று நான்காவதுக்கு வந்ததுமே நிறுத்தச் சொன்னார். சோடி சோடியாக அடுக்கினால் அழகாக இருக்கும் என்று நினைத்துச் செய்த பிழை அது. மூன்றாம், ஆறாம் கம்பிகள் ஒரே முறுக்குச் சோடியாக இருக்க வேண்டும்; என் அடுக்கில் அவை வெவ்வேறு சோடிகளில் விழுந்திருந்தன. அந்த முறுக்குத்தான் பக்கத்துக் கம்பிகளின் இரைச்சலைத் தணிக்கிறது. டெஸ்டரோ கம்பி முனைக்கு முனை போய்ச் சேருகிறதா என்பதை மட்டுமே பார்க்கும், எதனோடு எது முறுக்கப்பட்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

இரு முனைகளையும் வெட்டி, வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம் என்று அடுக்கினேன். முறுக்கை 13 மில்லிமீற்றருக்கு மேல் பிரிக்காமல், வெளியுறையும் பிளக்குக்குள் சற்று நுழையும்படி வைத்து அழுத்தினேன். இம்முறை பிங் ஒன்றுகூடத் தவறவில்லை, ஆனால் கணினி ஒரு ஜிகாபிட்டுக்குப் (1000 எம்பிபிஎஸ்) பதிலாக 100 எம்பிபிஎஸ் வேகத்தையே காட்டியது. டெஸ்டரில் ஏழாம் விளக்கு எரியவில்லை. பிளக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், வெள்ளை-கபிலக் கம்பி முனைவரை எட்டாமல் மயிரிழை பின்தங்கி நின்றது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கும் போதும், ஒரு ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அந்த முனையை மீண்டும் அடித்த பிறகே முழு வேகம் வந்தது.

மண்டபத்திற்குள் நான் முன்னரே போட்டிருந்த இரண்டு சிறிய கேபிள்களிலும் அதே பிழை இருந்தது. தூரம் குறைவு என்பதால் அவை இதுவரை காட்டிக்கொடுக்கவில்லை. அவற்றையும் அன்றிரவே வெட்டி மாற்றினேன்.