பாதி ரெக்கார்ட் அழிச்சும் குறையாத ஹை-யூஸ்டு ஆர்பிஏ

மெயின்ஃப்ரேம்ல ஃபைல்களை பட்டியல் போடற ஐஎஸ்பிஎஃப் 3.4 லிஸ்ட்ல சாதா சீக்வென்ஷியல் ஃபைலுக்கு எவ்ளோ பர்சன்ட் யூஸ் ஆகியிருக்குன்னு வரும், வீசாம்ங்கற இன்னொரு வகை ஃபைலுக்கு மட்டும் கேள்விக்குறி நிக்கும். ரெண்டு வருஷமா பாத்துட்டு ஏன்னு கூட கேக்கல.

மாட்டினது பழைய ரெக்கார்டை அழிக்கிற ஒரு பர்ஜ் ஜாப்ல. 100 சிலிண்டர் இடம் ஒதுக்கின கேஎஸ்டிஎஸ் (கீ வரிசைல அடுக்கின வீசாம் ஃபைல்), க்ளோஸ் ஆன அக்கவுன்ட் எல்லாத்தையும் தூக்கினோம், கிட்டத்தட்ட பாதி ரெக்கார்ட் போச்சு. ஃபைல் விவரம் காட்டற லிஸ்ட்கேட் கமாண்ட் போட்டா ஹை-அலாக் ஆர்பிஏ (எத்தனை பைட் ஒதுக்கியிருக்கு) 73728000, ஹை-யூஸ்டு ஆர்பிஏ (அதுல எந்த பைட் வரைக்கும் யூஸ் ஆகியிருக்கு) 58982400, பர்ஜுக்கு முன்னாடி இருந்த அதே நம்பர்! டெலீட்டே நடக்கலன்னு நினைச்சு ரெண்டு மணி நேரம் ஜாப் லாக்கை குடைஞ்சேன், ரெக்-டோட்டல், அதாவது ரெக்கார்ட் எண்ணிக்கை, பாதியா குறைஞ்சது அதே அவுட்புட்ல தான் இருந்துச்சு, கண்ணுல படல.

அப்புறம் சும்மா வகுத்துப் பாத்தேன். 3390 டிஸ்க்ல ஒரு டிராக்ல 4096 பைட் சிஐ (வீசாம் ஒரே தடவைல படிக்கிற ரெக்கார்ட் கட்டு) 12 புடிக்கும், 15 டிராக் ஒரு சிலிண்டர், எங்க ஃபைல்ல அதுதான் ஒரு சிஏ (சிஐக்களோட தொகுப்பு), ஆக 737280 பைட். 58982400ஐ இதால வகுத்தா சரியா 80. அட, எத்தனை சிஏ வரைக்கும் ஏறியிருக்குங்கறது தான் இந்த நம்பர், உள்ள ரெக்கார்ட் இருக்கா இல்லையான்னு அதுக்கு கவலையே இல்ல, வெள்ளம் வடிஞ்சப்புறமும் சுவத்துல நிக்கிற தண்ணிக் கோடு மாதிரி.

லிஸ்ட்கேட்ல வர்ற ஃப்ரீஸ்பேஸ் நம்பரும் உதவல, முழுசா காலியான சிஐ மட்டும் தான் அதுல சேரும், எங்க அக்கவுன்ட்லாம் கீ வரிசைல அங்கங்க சிதறிக் கிடந்துச்சு. இசட்/ஓஎஸ் 1.12ல வந்த, காலி சிஏவை திரும்ப யூஸ் பண்ற சிஏ ரீக்ளெயிமும் ஒரு சிஏ மொத்தமா காலியானா தான் வேலை செய்யும். ரெப்ரோங்கற காப்பி கமாண்ட்ல வெளிய எடுத்து, டெலீட் டிஃபைன் பண்ணி, திரும்ப லோட் பண்ணினப்புறம் தான் 30228480, அதாவது 41 சிஏ.

கேள்விக்குறி விஷயம்: சாதா ஃபைலுக்கு கடைசியா எழுதின டிராக் விடாக்ல (டிஸ்க்கோட பொருளடக்கம்) இருக்கும், அதை வெச்சு பர்சன்ட் போட்டுடலாம். வீசாமுக்கு கணக்கு தனியா, விவிடிஎஸ்ங்கற வேற ஃபைல்ல. அதுவும் ஜாப் அபெண்ட் ஆகி (பாதில நின்னுபோய்) ஃபைல் சரியா க்ளோஸ் ஆகலன்னா பழைய நம்பரே காட்டலாம், அதை சரி பண்ற வெரிஃபை கமாண்ட் ஓட்டிட்டு பாருங்க.

போன வாரம் புதுசா டிஃபைன் பண்ணின ஃபைலை இன்புட்ல ஓபன் பண்ணப்போய் கோபால் (COBOL) ப்ரோக்ராம்ல ஸ்டேட்டஸ் 35, ஃபைலே இல்லங்கற எரர். ஹை-யூஸ்டு சைபர். ஒரு டம்மி ரெக்கார்ட் எழுதி உடனே அழிச்சேன், ஃபைல் காலி தான், ஆனா கோடு விழுந்துடுச்சே, ஓபன் ஆயிடுச்சு.