ஊமையாகக் கிடந்த இரண்டு இணைப்புகள்: பிஜிபி சுமைப் பகிர்வில் மூன்று வாரங்கள்

பிஜிபி என்பது ரூட்டர்கள் பாதைகளை ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும் நெறிமுறை. அதை வைத்து, ஒரே இடத்துக்குப் போகும் பல பாதைகளில் போக்குவரத்தைப் பகிர்ந்து அனுப்ப வீட்டில் ஒரு சோதனைப் பிணையம் கட்டினேன். மூன்று வாரமாக விநாடிக்கு 95 மெகாபிட்டில் முட்டிக்கொண்டு நின்ற அதன் வேகம் நேற்றிரவு 188 ஆனது. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டதால் சத்தம் போட முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அமைப்பு எளிதுதான். ஒரு பழைய மினி கணினி, டெபியன் 12 லினக்ஸ், அதற்குள் நேம்ஸ்பேஸ்களாக (ஒரே கணினிக்குள் தனித்தனியாகப் பிரித்த பிணைய அறைகளாக) ஆறு ரூட்டர்கள், எல்லாவற்றிலும் எஃப்ஆர்ஆர் என்ற ரூட்டிங் மென்பொருள். ஆர்1-இலிருந்து ஆர்2, ஆர்3 என்று இரண்டு பாதைகள் பிரிகின்றன. அந்த இரண்டும் ஆர்4, ஆர்5 ஆகிய இரண்டோடும் இணைகின்றன. ஆர்4, ஆர்5 இரண்டும் ஆர்6-இல் போய்ச் சேர்கின்றன. 65001 முதல் 65006 வரை ஒவ்வொரு ரூட்டருக்கும் தனி ஏஎஸ் எண் (ஒரு பிணையத்தின் அடையாள எண்), எல்லாம் இபிஜிபி (வெவ்வேறு ஏஎஸ்-களுக்கு இடையிலான பிஜிபி). ஆர்1-க்குப் பின்னால் அனுப்பும் கணினி, ஆர்6-க்குப் பின்னால் பெறும் கணினி. நடுவிலுள்ள நான்கு இணைப்புகளை மட்டும் ஆளுக்கு 50 மெகாபிட் என்று கட்டிப்போட்டேன். நான்கும் உழைத்தால் 200-ஐ ஒட்டி வர வேண்டும்.

முதல் தடங்கல்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிஜிபி அமர்வுகள் எழுந்தும் ஒரு முகவரிகூட வராவிட்டால் காரணம் ஆர்எஃப்சி 8212 என்ற இணையத் தர ஆவணம். இபிஜிபிக்கு வடிகட்டும் கொள்கை எழுதித்தான் ஆக வேண்டும். அடுத்து, ஆர்1-க்கு வரும் இரண்டு பாதைகளின் நீளம் ஒன்றானாலும் ஒன்று 65002-இல் தொடங்குகிறது, மற்றது 65003-இல். இரண்டையும் சமமாக எடுத்துக்கொள்ள ‘மல்டிபாத்-ரிலாக்ஸ்’ என்ற அமைப்பு வேண்டும். ஆர்2, ஆர்3-இலும் அப்படியே. இதை ஒரு ரூட்டரில் மறந்தாலும் பகிர்வு பாதியாகிவிடும்.

பிறகு கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. லினக்ஸ் இயல்பாக அனுப்புபவர், பெறுபவர் ஆகிய இரண்டு முகவரிகளை மட்டும் வைத்து ஹாஷ் போடுகிறது, அதாவது அவற்றிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு அதைக்கொண்டு பாதையைத் தேர்கிறது. என்னிடம் இருப்பது ஒரே ஜோடி முகவரி. அவற்றுக்கு இடையே 64 டிசிபி இணைப்புகளை (தனித்தனித் தரவு ஓட்டங்களை) ஒரே நேரத்தில் திறந்தாலும் 64-உம் ஒரே பக்கம் சாயும். ‘ஃபிப் மல்டிபாத் ஹாஷ் பாலிசி’ என்ற கர்னல் அமைப்பை 0-இலிருந்து 1-க்கு மாற்றினால் போர்ட் எண்களும் (ஒரு டிசிபி இணைப்பை மற்றதிலிருந்து பிரித்துக்காட்டும் எண்கள்) கணக்கில் சேரும். இந்த வசதி கர்னல் 4.12-இல் வந்தது. நேம்ஸ்பேஸ் ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனியாக மாற்ற வேண்டும்.

இந்த இடத்தில் பழைய வழிகாட்டிகளை நம்பி நான் இழந்த நேரத்தையும் சொல்ல வேண்டும். 2012-இல் கர்னல் 3.6-இல் ரூட் கேஷ் (ஒருமுறை தேர்ந்த பாதையை நினைவில் வைக்கும் பகுதி) நீக்கப்பட்டது. ஹாஷ் அடிப்படையிலான பகிர்வு 4.4-இல்தான் திரும்பி வந்தது. அதற்கு முந்தைய நடத்தையை விளக்கும் கட்டுரைகள் இன்றும் தேடலில் முதலில் வந்து நிற்கின்றன. எந்தக் கர்னலில் சோதித்தோம் என்று தயவுசெய்து எல்லோரும் எழுதுங்கள்.

இவ்வளவும் சரி செய்த பிறகுதான் உண்மையான சண்டை தொடங்கியது. ரூட்டிங் அட்டவணையில் எல்லா இடத்திலும் இரண்டு பாதைகள் பளிச்சென்று தெரிந்தன. ஆர்4-உம் ஆர்5-உம் ஏறக்குறையச் சம அளவில் பாக்கெட்டுகளைப் பெற்றன. ஆர்6-இலிருந்து பார்த்தால் எல்லாம் நேர்த்தி. ஆனால் மொத்தம் 95. பிஜிபி அமைப்பை வரிவரியாகப் படித்தேன். டைமர்களை மாற்றினேன். எஃப்ஆர்ஆரை எடுத்துவிட்டு பேர்ட் என்ற மாற்று மென்பொருளைப் போட்டேன். (பேர்டில் கர்னல் பகுதிக்குள் ‘மெர்ஜ் பாத்ஸ்’ போடாவிட்டால் ஒரே பாதைதான் கர்னலுக்குப் போகும், அதற்கே ஒரு மாலை போயிற்று.) அப்போதும் 95.

இணைப்புக்கு இணைப்பு எண்ணிக்கையை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆர்2-ஆர்4, ஆர்3-ஆர்5 இரண்டும் நிரம்பி வழிந்தன. குறுக்கு இணைப்புகளான ஆர்2-ஆர்5, ஆர்3-ஆர்4 இரண்டும் ஊமையாகக் கிடந்தன. 60 விநாடிக்கு ஒருமுறை ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று சொல்லும் 19 பைட் கீப்அலைவ் செய்தி போய்வந்ததைத் தவிர அவற்றில் வேறு நடமாட்டமே இல்லை.

காரணம் இதுதான். ஹாஷ் என்பது ஒரு பெரிய எண். பாதிக்குக் கீழே இருந்தால் முதல் பாதை, மேலே இருந்தால் இரண்டாம் பாதை. ஆர்1 இந்தக் கேள்வியைக் கேட்டு, கீழ்ப்பாதியை ஆர்2-க்கும் மேல்பாதியை ஆர்3-க்கும் அனுப்புகிறது. ஆர்2-உம் அதே எண்ணை வைத்து அதே கேள்வியைக் கேட்டால் என்ன ஆகும்? அதனிடம் வந்ததெல்லாம் கீழ்ப்பாதி. எல்லாம் ஆர்4-க்கே போகும். ஆர்3-இடம் வந்ததெல்லாம் மேல்பாதி, எல்லாம் ஆர்5-க்கு. சலித்த மாவை அதே சல்லடையில் மறுபடி சலிப்பது போல: முதல் முறை இறங்கியது எல்லாம் இரண்டாம் முறையும் இறங்கிவிடும், கண்ணி மாறவில்லையே! பெரிய பிணையங்களில் இதை ஹாஷ் துருவமயமாதல் என்பார்கள். வெவ்வேறு பெட்டிகளில் ஓடும் லினக்ஸ் ரூட்டர்களில் இது இவ்வளவு முழுமையாக வராது, ஏனென்றால் ஒவ்வொரு கர்னலும் தனக்கென ஒரு ரகசிய எண்ணைக் குலுக்கி எடுத்து ஹாஷில் கலக்கிறது. நேம்ஸ்பேஸ்களோ ஒரே கர்னலின் அறைகள். ரகசிய எண்ணும் ஒன்றுதான். போதாததற்கு, பாக்கெட்டில் ஏற்கெனவே எழுதப்பட்ட ஹாஷ் மதிப்பு அறை மாறும்போதும் கூடவே வருகிறது.

ஊகத்தோடு நிற்க மனம் வரவில்லை. பெறும் கணினிக்கு 32 முகவரிகள் கொடுத்து, ஒவ்வொன்றிலும் வேகம் அளக்கும் ஐபெர்ஃப் சர்வர் ஒன்றை ஓட்டினேன். ஆர்1-ஐ பாலிசி 1-இலேயே விட்டுவிட்டு, ஆர்2, ஆர்3 இரண்டை மட்டும் பாலிசி 0-க்குத் திருப்பினேன். இப்போது இரண்டு அடுக்குகளும் வெவ்வேறு தகவலை வைத்து ஹாஷ் போடுகின்றன. குறுக்கு இணைப்புகளின் எண்ணிக்கை அந்த நொடியே ஏறத் தொடங்கியது. இந்தப் பொழுதுபோக்கில் நான் பார்த்த மிக அழகான காட்சி அது.

ஆனால் அது நிரூபணம் மட்டும்தான், தீர்வு அல்ல. ஒரே ஜோடி முகவரிக்கு இடையே பல இணைப்புகள் போகும்போது பாலிசி 0 இரண்டாம் அடுக்கில் எல்லாவற்றையும் ஒரே பாதையில் தள்ளிவிடும். ஹாஷின் விதையை, அதாவது அந்த ரகசிய எண்ணை, நாமே அமைக்கும் வசதி கர்னல் 6.11-இல் வந்திருக்கிறது, டெபியன் 12-இல் இருப்பது 6.1. ஆகவே ஆறு ரூட்டர்களையும் லினக்ஸின் கேவிஎம் வசதியில் தனிக் கர்னலோடு ஓடும் மெய்நிகர் கணினிகளாக மாற்றினேன், ஒவ்வொன்றுக்கும் 512 எம்பி நினைவகம். ஆறு கர்னல், ஆறு ரகசியம். பிஜிபி அமைப்பில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. அதே 64 இணைப்புகள், பழைய ஒரே ஜோடி முகவரி, எல்லா ரூட்டரிலும் பாலிசி 1. 188 வந்தது. டிசிபி தலைப்புகளுக்குப் போவதைக் கழித்தால் இதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

மினி கணினி சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது, அலுவலகங்கள் கழித்துவிட்ட ரகம். அங்கே நான்கு போர்ட் கொண்ட பழைய நெட்வொர்க் அட்டைகள் கிடைக்கின்றன. முன்பு இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய அட்டை போலியாக இருந்தது. சூடேறியதும் இரண்டு போர்ட்கள் செத்துவிடும். அதனால் இனி கையில் எடுத்து, கடையிலேயே செருகிப் பார்த்துத்தான் வாங்குவேன்.

அப்படி ஓர் அட்டை வாங்கியதும் ஆர்1-ஐ மட்டும் தனிப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். அதற்கு முன்பே சமமற்ற பகிர்வில் கை வைத்துவிட்டேன்: ஓர் இணைப்பு 50, மற்றது 20 என்றால், லிங்க்-பேண்ட்வித் சமூகக் குறியீட்டை (பாதை அறிவிப்போடு ஒட்டிவரும், இணைப்பின் கொள்ளளவைச் சொல்லும் குறிப்பை) ஆர்4 அறிவித்து, அதற்கேற்ற எடையை ஆர்2 கர்னலில் எழுத வேண்டும். குறியீடு ஆர்2 வரை வந்து சேர்கிறது. கர்னலில் எடை இன்னும் 1, 1 என்றே காட்டுகிறது. ஆர்4-ஐத் திடீரென நிறுத்தினால் ஆர்5 வழியாக ஓடிக்கொண்டிருந்த டிசிபி இணைப்புகளில் எத்தனை இடம் மாறுகின்றன என்று எண்ணும் வேலையும் பாதியில் நிற்கிறது. சனிக்கிழமை மறுபடி உட்காருகிறேன்.