25 கையெழுத்துக்கு ஒரு வருசம்

மாமியின் கையெழுத்தால்தான் எங்கள் மனு முதல் தடவை திரும்பி வந்தது என்று சொன்னால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. முழுப் பிழையும் அவருடையதல்ல. செல்லாமல் போன ஒன்பதில் அவருடையது ஒன்றுதான்.

விசயம் இதுதான். இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் மறுபடி நேருக்கு நேர் இருந்து பேசுவதற்குக் கனடா தன் பங்குக்கு முயல வேண்டும் என்று கேட்டு ஒட்டாவாவுக்கு ஒரு மனு. ஸ்காபரோவில் நானும் இரண்டு நண்பர்களுமாக 2024 ஒக்டோபரில் தொடங்கினோம். ஒன்லைன் மனுவென்றால் 500 பேர் வேண்டும். அதற்கு முன்பே ஐந்து ஆதரவாளரும் பொறுப்பெடுக்க ஒரு எம்பியும் வேண்டும். தாளிலென்றால் 25 போதும். ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தோடு அலுவல் முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடிந்தும் விட்டது, 31 கையெழுத்து.

செல்லுபடியானது 22.

கனடாவில் வசிப்பவர்தான் கையெழுத்திடலாம். பெற்றோருக்கான சூப்பர் வீசாவில் வந்திருக்கும் மாமி முகவரிக்கு யாழ்ப்பாணத்துக் கொக்குவில் என்று எழுதிவிட்டார். லண்டனிலிருந்து வந்த மச்சான் வெறுமனே லண்டன் என்று எழுதியிருந்தால் ஒன்டாரியோவில் உள்ள லண்டனாகத் தப்பியிருக்கும். அவரோ பக்கத்தில் 'யூகே' என்றும் போட்டு வைத்தார். ஒருவர் மனைவிக்கும் இரண்டு மகன்மாருக்கும் சேர்த்துத் தானே வைத்துவிட்டார். மூன்று பேர் கையெழுத்து வைக்காமல் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். ஒருவர் முகவரியே எழுதவில்லை. நீங்கள் செய்வதென்றால் 40 பேரிடமாவது வாங்குங்கள், வாங்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பலகாரத் தட்டோடு தாளையும் சுற்றுக்கு விடாதீர்கள்.

தாளின் தலையில் என் மகள் ஒரு வெள்ளைப் புறா கீறியிருந்தாள். மனுவில் படம் கூடாது. அதை முதலே கண்டு வேறு தாள் அடித்ததால் அந்த ஒரு பிழையாவது வராமல் தப்பியது.

உண்மையான பாடு வாசகத்தில்தான். மனு ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்கவேண்டும், அதனால் வயதானவர்களுக்கு நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். 'நேரடிப் பேச்சு' என்றதும் ஒரு ஐயா நிறுத்தினார். "தம்பி, ஒஸ்லோவில நோர்வேக்காரன் இருந்தவன்தானே? பிறகென்ன நேரடி?" 1993இல் நோர்வே இடம் கொடுத்தது, சாப்பாடு கொடுத்தது, பேசியது இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும்தான் என்று விளக்கினேன். "எங்களுக்கும் அவங்கள்தானே இடம் பாத்தவங்கள்" என்றார். இலங்கை அரசும் புலிகளும் பேசியதைச் சொன்னார்: 2002 செப்டெம்பரில் தாய்லாந்தின் சத்தாஹிப்பில் தொடங்கி 2003 மார்ச்சில் ஜப்பானின் ஹக்கோனே வரை ஆறு சுற்று. அவருக்கு ஒவ்வொரு ஊரின் பெயரும் வரிசையாக ஞாபகம் இருந்தது. பிறகு ஒன்றும் சொல்லாமல் பேனையை வாங்கினார்.

ஒரு அக்கா வைக்கவே மாட்டேன் என்றார். "சனம் செத்துக்கொண்டிருக்கேக்க மேசையும் கதிரையுமோ?" போர்நிறுத்தமும் பணயக்கைதிகள் விடுதலையும்தான் முதல் வரி என்று காட்டினேன். நேரடிப் பேச்சைக் கேட்கும் இரண்டாம் வரி தனக்குப் பிடிக்கவில்லை என்றார். முறையான நேரடிச் சமாதானப் பேச்சு 2014 ஏப்ரலில் நின்றது, அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள் என்றேன். அவர் அதையே எனக்கு எதிராகத் திருப்பினார். பதில் சொல்ல எனக்கு வரவில்லை, இப்போதும் வராது.

எம்பி அலுவலகத்தில் இருந்த பிள்ளைக்கு இதில் அக்கறையே இல்லை. முதல் கேள்வி போஸ்டல் கோட். பிறகு மூன்று கிழமை சத்தமில்லை. நேரில் போனேன். "ஒன்லைனில போட்டிருக்கலாமே" என்றார். எந்த எம்பியும் எந்த மனுவையும் கட்டாயம் சபையில் வைக்கவேண்டும் என்றில்லை. வைத்தாலும் அவர் அதற்கு உடன்பாடு என்று அர்த்தமுமில்லை. எனவே கெஞ்சுவதைவிட வீட்டுப்பாடம் செய்துகொண்டு போவது நல்லது. 1991இல் நடந்த மாட்ரிட் மத்திய கிழக்குச் சமாதான மாநாட்டுக்குப் பிறகு பாலஸ்தீன அகதிகள் பற்றிய பலதரப்புக் குழுவுக்குத் தலைமை கனடாதான், முதல் கூட்டம் 1992 மே மாதம் ஒட்டாவாவிலேயே நடந்தது என்றேன். பேச்சுவார்த்தை வழியான இரு நாட்டுத் தீர்வைச் சொல்லும் பிரேரணை 2024 மார்ச் 18இல் 204க்கு 117 என்று நிறைவேறியது, உங்கள் எம்பி எந்தப் பக்கம் வாக்களித்தார் என்பதும் தெரியும் என்றேன். அதற்குப் பிறகுதான் கதிரையில் இருக்கச் சொன்னார்.

திரும்ப வாங்கிய கையெழுத்துகளோடு, மனு விதிப்படி இருக்கிறது என்ற சான்று டிசெம்பரில் கிடைத்தது. அன்று வீட்டில் கேசரி.

2025 ஜனவரி 6இல் பாராளுமன்றம் ஒத்திவைப்பு. மார்ச் 23இல் கலைப்பு. ஏப்ரல் 28இல் தேர்தல். பழைய பாராளுமன்றத்தில் வாங்கிய சான்று புதியதில் செல்லாது, மறுபடி அனுப்பிப் புதுச் சான்று எடுக்கவேண்டும். இதற்குள் தொகுதிகள் 338இலிருந்து 343 ஆகி, எங்கள் தெருவும் வேறு தொகுதிக்குப் போய்விட்டது. புது எம்பி, புதுப் பிள்ளை, அதே போஸ்டல் கோட் கேள்வி. (பாராளுமன்ற முகவரிக்கு எம்பிக்குக் கடிதம் போட முத்திரை தேவையில்லை. நான் இரண்டு தடவை ஒட்டி அனுப்பியிருக்கிறேன்.)

காத்திருந்த நேரத்தில் உலகம் நகர்ந்துவிட்டது. செப்டெம்பர் 21இல் கனடா பாலஸ்தீனத்தை நாடாக அங்கீகரித்தது. ஒக்டோபர் 10இல் காசாவில் போர்நிறுத்தம் தொடங்கியது. எங்கள் மனுவின் முதல் வரியோ இன்னும் போர்நிறுத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு சொல்லைத் தானும் வெட்டித் திருத்த ஏலாது. மாற்றிய வாசகம் என்றால் முழுமனுவும் போய்விடும். அப்படியே விட்டோம். அந்த மாதக் கடைசியில் எம்பி எழுந்து சபையில் வைத்தார். சுருக்கம் மட்டும்தான் சொல்லலாம், பேச்சு வைக்கக் கூடாது. தேத்தண்ணி போட எழும்பிப் போன என் மனைவி திரும்பி வரமுன் முடிந்துவிட்டது. நல்ல காலம், எம்பி சொன்னது இரண்டாம் வரியை.

அரசாங்கம் 45 நாளுக்குள் பதில் தரவேண்டும், தந்தது. இரு நாட்டுத் தீர்வை ஆதரிக்கிறோம், இரு தரப்பும் பேசவேண்டும், இவ்வளவுதான். யார் அழைப்பது, எங்கே, எப்போது என்று ஒரு சொல் இல்லை. கையெழுத்து வைக்காத அக்காவுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். "நான் சொன்னனானெல்லே" என்று பதில் வந்தது. பின்னேரம் அவரே போன் எடுத்து, அடுத்ததில் என்ன எழுதப்போகிறீர்கள் என்று கேட்டார்.

அடுத்ததில் யார் அழைக்கவேண்டும் என்பதையே கேட்கப்போகிறோம். வாசகத்தை அக்காதான் எழுதித் தருகிறார். கையெழுத்து வாங்குவது, லண்டன் மச்சான் வந்து நிற்காத ஒரு கிழமையாகப் பார்த்து.